கும்பப்பூ நடவு: தண்ணீர் மேல் செம்படலம், கீழ் இலையெல்லாம் பழுப்பு. மண் அட்டையை எப்படிப் படிப்பது?

திருவட்டாறு வயல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வயல் கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் ஒரு ஏலாவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் மேடு, மேட்டில் ரப்பர், நடுவே தோடு (ஓடை), தோட்டுக்கும் மேட்டுக்கும் இடையில்தான் நெல். சுற்றியிருந்தவர்கள் பாதிப்பேர் வாழைக்குப் போய்விட்டார்கள், நாங்கள் இன்னும் நெல்தான் போடுகிறோம். இந்தக் கும்பப்பூவுக்கு, அதாவது வருடத்தின் இரண்டாம் நெல் பருவத்துக்கு, அம்பை 16 ரகம் நட்டிருக்கிறது. நட்டு ஒரு மாதம் ஆகப்போகிறது.

பிரச்சினை மேட்டை ஒட்டிய வயல்களில் மட்டும். கீழ் இலைகளின் நுனியில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளி வந்து, அது அப்படியே இலையின் அடி நோக்கி இறங்குகிறது. தூர் கட்டவே இல்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் செங்கல் நிறத்தில் இருக்கிறது, சில இடத்தில் கறுப்பு. தண்ணீர் மேல் எண்ணெய் ஊற்றினது போல ஒரு செம்படலம். தோட்டை ஒட்டிய வயலில் அதே நாற்று, அதே உரம், பயிர் பச்சைப்பசேல் என்று நிற்கிறது.

உரக்கடையில் கேட்டால் ஜிங்க் (துத்தநாகம்) குறைவு, கூடவே யூரியாவும் ஒரு கை போடுங்கள் என்றார்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ரசாயனம் போட்டுப் போட்டு மண் செத்துவிட்டது என்கிறார்கள். மண்வள அட்டையை எடுத்துப் பார்த்தேன். பி.எச். (அமில காரநிலை) 5.1, அங்ககக் கரிமம் 0.9 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு, சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவு, துத்தநாகம் போதுமானது, இரும்பு போதுமானது. கரிமம் 0.75க்கு மேல் இருந்தால் நல்ல மண் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. அப்புறம் ஏன் இப்படி? அனுபவத்தில் சொல்பவர்களும் சொல்லுங்கள், ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று படித்தவர்களும் சொல்லுங்கள். அவசரப்பட்டு எதையாவது கொட்ட மனமில்லை.

---

மண்ணியல் மாணவி எழுதியது:

அண்ணா, முதலில் யூரியாவை நிறுத்தி வையுங்கள். ஜிங்க்கும் இப்போது வேண்டாம், அட்டையிலேயே போதும் என்று இருக்கிறது. துத்தநாகக் குறைவு நெல்லுக்கு வராத ஒன்று இல்லை. உத்தரகாண்டின் தராய்ப் பகுதியில் பயிர் துருப்பிடித்து நின்றபோது, அது துத்தநாகக் குறைவுதான் என்று 1966இல் பந்த்நகரில் ஒய்.எல். நேனே கண்டு சொன்னார், அதிலிருந்துதான் நாடு முழுக்க ஜிங்க் சல்பேட் பழக்கத்துக்கு வந்தது. ஆனால் அது பெரும்பாலும் பி.எச். ஏறிய, சுண்ணாம்பு கலந்த மண்ணில் வருவது. அதில் இளம் இலையின் நடு நரம்பு அடிப்பக்கத்தில் வெளுத்துப் போகும். உங்களுக்குக் கீழ் இலையின் நுனியில் ஆரம்பித்து இறங்குகிறது. மேட்டை ஒட்டி மட்டும் வருகிறது. பி.எச். 5.1. இதெல்லாம் சேர்ந்தால் அது இரும்பு நச்சு.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அந்தப் படலத்தைக் குச்சியால் தொடுங்கள். எண்ணெய் என்றால் கலைந்து மறுபடி ஒன்றாகச் சேரும். இரும்பு என்றால் சில்லு சில்லாக உடைந்து அப்படியே மிதக்கும், சேராது.

அட்டையில் "இரும்பு போதுமானது" என்று இருக்கிறதே என்பீர்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நாம் கொடுக்கும் மண் காயவைத்துப் பொடித்துச் சலித்த மண். ஆய்வகம் அதைத்தான் பார்க்கிறது. நெல் வாழ்வது மூழ்கிக் கிடக்கும் மண்ணில். இரண்டும் வேதியியலில் வேறு வேறு மண் என்றே சொல்லலாம். தண்ணீர் கட்டின சில நாளிலேயே மண்ணுக்குள் இருக்கும் காற்று தீர்ந்துவிடும். உயிர்வாயு இல்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் மூச்சுக்கு வேறு பொருளைத் தேடும். முதலில் நைட்ரேட்டை எடுக்கும், பிறகு மாங்கனீசு, பிறகு இரும்பு. நம் செம்மண்ணைச் சிவப்பாக வைத்திருக்கிற துரு நீரில் கரையாது. அதிலிருந்து நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஃபெரஸ் இரும்பு நன்றாகக் கரையும். மேட்டிலிருந்து ஊறி வரும் தண்ணீரும் அதே இரும்பைச் சுமந்துகொண்டு வருகிறது. அது வயலுக்கு வந்து காற்றுப் படுகிறபோது மறுபடி துருவாகிப் படலமாக மிதக்கிறது.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இலங்கைக்காரர் பொன்னம்பெரும என்பவர் மூழ்கிய மண்ணை வைத்தே பல ஆண்டு வேலை செய்தார், 1972இல் அவர் தொகுத்து எழுதியதைத்தான் இன்றும் எங்களுக்குப் பாடமாகச் சொல்கிறார்கள். அமில மண்ணில் தண்ணீர் கட்டினால் சில வாரங்களில் பி.எச். தானாக 6.5, 7 என்று ஏறிவிடும் என்றும், கார மண்ணில் அதே 6.5, 7 பக்கம் இறங்கும் என்றும், செம்மண்ணில் இரும்பு கரைவது தண்ணீர் கட்டின முதல் சில வாரங்களில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறையும் என்றும் காட்டினார். உங்கள் நாற்று அந்த உச்சத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

வேர் செங்கல் நிறமாக இருப்பது நெல்லின் தற்காப்பு. நெல் தண்டு வழியாகக் காற்றை வேருக்கு அனுப்பும், அந்தக் காற்று வேரைச் சுற்றி இரும்பைத் துருவாக்கி வெளியிலேயே நிறுத்திவிடும். அந்தச் சக்தி பயிருக்குச் சாம்பல்சத்து குறையும்போது குறைகிறது என்பது பல ஆய்வில் வந்த முடிவு. உங்கள் அட்டையில் அதுதான் குறைவு. கறுத்த வேர் இருக்கிற இடத்தில் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வேறு சேர்ந்திருக்கிறது.

உடனே செய்ய வேண்டியது தண்ணீரை வடித்து ஒரு வாரம் பத்து நாள் மண்ணைக் காற்றாட விடுவது, மயிர்க்கோடு போல வெடிப்பு விடும் வரை. பிறகு பொட்டாஷ். பேச்சு பெரிதாகிவிட்டது, சுண்ணாம்பைப் பற்றி அடுத்து எழுதுகிறேன்.

---

தோவாளை அண்ணாச்சி எழுதியது:

தம்பி, அந்தப் பிள்ளை சொன்னது சரிதான். ஆனால் வடித்துவிடு என்று சொன்னால் வடியாது. மேட்டிலிருந்து ஊறல் வந்துகொண்டே இருக்கும்போது மடையைத் திறந்து என்ன பிரயோஜனம்? மேட்டுக்கும் வயலுக்கும் நடுவே, மேட்டின் அடியை ஒட்டியே ஒரு வாறுகால் (வடிகால்) வெட்ட வேண்டும். முழங்கால் ஆழமாவது இருக்க வேண்டும். ஊறல் வயலுக்குள் வருமுன்னே பிடித்துத் தோட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். அந்தக் காலத்தில் ஏலாக்களில் இது இருந்தது. ரப்பர் வைத்து, வழி போட்டு, சாலை போட்டு எல்லாம் மூடிப் போச்சு. நல்ல நெல் விளைந்த ஏலா, வாறுகாலைத் தூர்க்கவிட்டதால் மட்டுமே வாழைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று கேட்கிறேன். வைக்கோலை என்ன செய்கிறாய்? எங்கள் பக்கம் அறுப்பு மிஷின் வந்தபிறகு, பின்னாடியே கட்டுக் கட்டும் மிஷின் வருகிறது. லாரி வந்து ஏற்றிக்கொண்டு மாட்டுத்தீவனத்துக்குக் கேரளா போகிறது. முன்னே வைக்கோல் வீட்டுப் படப்புக்குப் போகும், மாடு தின்னும், சாணி வயலுக்கு வரும். இப்போது மாடும் இல்லை, சாணியும் இல்லை, வைக்கோல் மட்டும் போகிறது. பைசா கையில் வருவதால் யாரும் யோசிப்பதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

சுண்ணாம்பைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். தண்ணீர் கட்டினால் பி.எச். தானே ஏறிவிடும் என்றால் காசு கொடுத்துச் சுண்ணாம்பு எதற்கு? பூதப்பாண்டி பக்கத்தில் எங்கள் மண்ணுக்கு யாரும் போட்டதில்லை.

---

மண்ணியல் மாணவி எழுதியது:

அண்ணாச்சி, வாறுகால் பற்றி நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், நீங்கள் எழுதிவிட்டீர்கள், நன்றி. ஊறல் நிற்காமல் மற்ற எதுவும் அரைகுறைதான்.

வைக்கோல் கணக்கைச் சொல்கிறேன், கேட்டால் இன்னும் வருத்தப்படுவீர்கள். நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பங்கு மணியில் இல்லை, வைக்கோலில்தான் தங்குகிறது. ஒரு டன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியம் இருக்கும். நாம் கடையில் வாங்கும் பொட்டாஷ் உரமாகக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 24 முதல் 34 கிலோ. ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்று வைத்தால் ஏறக்குறைய 50 கிலோவோ அதற்கு மேலோ, அதாவது ஒரு மூட்டை பொட்டாஷ் முழுதாக லாரியில் ஏறுகிறது. குறுகிய கால நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல்சத்து 120:40:40 கிலோ. அந்த 40 கிலோ சாம்பல்சத்தை ஏக்கருக்கு உரமாக மாற்றினால் 27 கிலோ பொட்டாஷ்தான். ஒரு பூவுக்கு நாம் போடுவதைப் போல இரண்டு மடங்கை வைக்கோலாக வெளியே அனுப்புகிறோம். வருடத்துக்கு இரண்டு பூ. பாசனத் தண்ணீரில் கொஞ்சம் வரும், மண்ணிலிருந்தும் கொஞ்சம் வெளிவரும். ஆனால் மேற்குப் பக்கத்துச் செம்பொறை (லேட்டரைட்) மண்ணில் சத்தைப் பிடித்து வைக்கும் களிமண் வகையே பலவீனம், மழையோடு அரித்துப் போய்விடும். போதாக்குறைக்கு நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு.

வைக்கோலில் சிலிக்கானும் டன்னுக்கு 40 முதல் 70 கிலோ வரை போகிறது. நெல் சாயாமல் நிற்கவும் குலைநோயைத் தாங்கவும் அது உதவும். அதை நாம் உரமாகத் திருப்பிப் போடுவதே இல்லை.

சுண்ணாம்பு: பி.எச். ஏறும் என்பது உண்மை, ஆனால் ஏற வாரங்கள் ஆகும். இரும்பு உச்சத்துக்குப் போவதும் அதே வாரங்களில்தான். தொடக்கத்திலேயே பி.எச். கொஞ்சம் மேலே இருந்தால் அந்த உச்சம் தணிந்துவிடும். அதனால்தான் கேரள வேளாண் பல்கலைக்கழகம் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 600 கிலோ சுண்ணாம்பு சொல்கிறது, முதல் உழவில் 350, நட்டு ஒரு மாதம் கழித்து 250. ஏக்கருக்கு 140, 100 என்று வரும். 1956 வரை நாம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவர்கள், கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் மண் அந்தப் பக்கத்து மண்ணின் தொடர்ச்சிதான். அதனால் அந்தப் பரிந்துரை இவருக்குப் பொருந்தும். உங்கள் தோவாளை வண்டலுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம், பி.எச். பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சுண்ணாம்பு போட்டால் யூரியா போட ஒரு வாரம் இடைவெளி விடுங்கள், சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும்.

---

நாட்டுநெல் மார்த்தாண்டம் எழுதியது:

நான் பத்துப் பன்னிரண்டு வருடமாக ரசாயனம் தொடுவதில்லை. இங்கே எல்லாரும் பொட்டாஷ் மூட்டை, சுண்ணாம்பு மூட்டை என்று போகிறீர்கள். தழையை வெட்டி மிதித்தால் போதுமே? பூவரசு, கிளைரிசிடியா, கொழிஞ்சி எல்லாம் நம் வரப்பிலேயே இருக்கிறது. அசோலா என்ற நீர்ப்பெரணியை விட்டால் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுக்கும். யூரியா வருவதற்கு முன்னால் ஆயிரம் வருடம் நாஞ்சில் நாட்டில் நெல் விளையவில்லையா? தம்பி, இந்தப் பூ முடியட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே ஒரு வண்டி பச்சைத்தழை வெட்டிப் போடுங்கள்.

---

மண்ணியல் மாணவி எழுதியது:

அண்ணா, அவசரமாகச் சொல்கிறேன். மேட்டை ஒட்டிய இந்த வயலில் இப்போது பச்சைத்தழை போடவே கூடாது. மேலே சொன்னேன் இல்லையா, நுண்ணுயிர்கள்தான் துருவைக் கரைய வைக்கின்றன என்று. பச்சைத்தழை அவற்றுக்குச் சாப்பாடு. மூழ்கின மண்ணில் புதுத் தழை விழுந்தால் இருக்கிற காற்று இன்னும் வேகமாகத் தீரும், இரும்பு இன்னும் அதிகமாகக் கரையும். நல்ல வயலுக்கு மருந்தாக இருப்பது இந்த வயலுக்கு நஞ்சு. தழை போடுவதென்றால் நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னே மடக்கி உழுது மக்கவிட வேண்டும், அல்லது மக்கின எருவாகப் போட வேண்டும். இவருக்குக் கரிமம் 0.9 இருப்பதற்கே காரணம், மண் எப்போதும் ஈரமாகக் கிடந்து எதுவும் முழுக்க மக்காமல் இருப்பதாக இருக்கலாம்.

காற்றுத் தழைச்சத்து பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். நெல்வயலில் நீலப்பச்சைப் பாசி தழைச்சத்தை நிலைநிறுத்துகிறது என்று 1939இலேயே பி.கே. தே என்ற இந்தியர் நிறுவியிருக்கிறார். பிலிப்பைன்ஸ் நிலையத்தில் 1960களில் தொடங்கின ஒரு நீண்டகாலச் சோதனை வயல் இருக்கிறது, வருடம் மூன்று நெல். அதில் தழைச்சத்து உரமே போடாத பாத்திகள் பல பத்தாண்டுகளாக ஓரளவு விளைச்சலைக் குறையாமல் கொடுத்து வருகின்றன. நாஞ்சில் நாட்டு நெல் ஆயிரம் வருடம் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். மூழ்கும் நிலம் தன்னைத்தானே கொஞ்சம் ஊட்டிக்கொள்ளும்.

அதே சோதனையில் உரம் போட்ட பாத்திகளில் 1970, 80களில் விளைச்சல் சரிந்தது. மண்ணில் மொத்தத் தழைச்சத்து குறையவில்லை, ஆனால் பயிருக்கு அது கிடைக்கவில்லை. கென்னத் காஸ்மன் குழு அதைத் தோண்டிப் பார்த்து, இடைவெளியே இல்லாமல் ஈரத்தில் கிடக்கும் மண்ணில் கரிமப்பொருள் தழைச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்கிற விதமாக மாறுகிறது என்று சொன்னார்கள். பயிருக்கும் பயிருக்கும் இடையில் நிலத்தைக் காயவிட்டு, தழைச்சத்தைப் பயிர் கேட்கும் நேரத்தில் பிரித்துப் போட்டபோது விளைச்சல் திரும்பி வந்தது. கும்பப்பூ அறுத்ததும் கோடையில் நிலத்தைப் புழுதியாக உழுது போடும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ரசாயனம் மண்ணைக் கொன்றுவிட்டது என்று வாட்ஸ்அப் குழுவில் சொன்னதோடு மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. ஒரே ஒரு சத்தை மட்டும் போடுவதுதான் கொல்கிறது. 1970 வாக்கில் நாடு முழுக்கத் தொடங்கின நீண்டகால உரச் சோதனைகளில், இமாச்சலப் பிரதேசத்தின் பாலம்பூர் அமில மண்ணில் தழைச்சத்து மட்டும் போட்ட பாத்தியில் மக்காச்சோளமும் கோதுமையும் ஒன்றுமில்லாமல் போயின. அதே நிலத்தில் தழை, மணி, சாம்பல் மூன்றோடு தொழு உரமோ சுண்ணாம்போ சேர்த்த பாத்திகள் தொடர்ந்து விளைந்தன. கடையில் சொன்ன "யூரியா ஒரு கை" என்பதைத்தான் நான் பயப்படுகிறேன்.

---

நாட்டுநெல் மார்த்தாண்டம் எழுதியது:

பச்சைத்தழை இரும்பை ஏற்றும் என்பது எனக்குப் புதிது. என் வயல் மேட்டில் இருக்கிறது, ஊறல் கிடையாது, அதனால் எனக்கு வரவில்லை போல. சரி தங்கச்சி, அப்படியென்றால் தம்பி இப்போது தழை போட வேண்டாம். ஆனால் வைக்கோலை விற்காமல் வயலுக்கே திருப்பிப் போட வேண்டும் என்பது போலச் சொன்னீர்களே, அதுவும் பச்சைத்தழை போலத்தானே?

---

மண்ணியல் மாணவி எழுதியது:

நல்ல கேள்வி. அறுப்பு முடிந்து ஈரம் குறைவாக இருக்கும்போதே மடக்கி உழுதுவிட்டால் காற்றோடு மக்கும், பிரச்சினை இல்லை. கும்பப்பூவுக்குப் பின் கோடை இடைவெளி இருப்பதால் அந்த வைக்கோலை மண்ணுக்குக் கொடுப்பது எளிது. முதல் பருவமான கன்னிப்பூவை அறுத்து உடனே கும்பப்பூ நடும்போது நேரம் இல்லை, அப்போது வெளியே எடுத்து மக்கவைத்துப் போடலாம். எரிக்க மட்டும் வேண்டாம், கரிமமும் தழைச்சத்தும் கந்தகமும் புகையாகப் போய்விடும்.

---

திருவட்டாறு வயல் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குச்சியால் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடிச் சில்லு போல உடைந்து மிதந்தது, சேரவே இல்லை. கறுத்த வேர் இருந்த இடத்தில் நாற்றமும் இருக்கிறது. மடையைத் திறந்துவிட்டேன், அண்ணாச்சி சொன்னது போல மேட்டடியில் ஊறல் நிற்கவில்லை. வாறுகால் வெட்டத்தான் வேண்டும். ஆனால் வெட்டினால் அந்தத் தண்ணீர் கீழ் வயல்காரர் வழியாகத்தான் தோட்டுக்குப் போக முடியும், அவர் சம்மதிக்க வேண்டும். வைக்கோல் இதுவரை விற்றுக்கொண்டுதான் இருந்தோம், வருடா வருடம்.

மூன்று கேள்வி. பொட்டாஷ் எப்போது, எவ்வளவு? யூரியா இனி போடவே வேண்டாமா? தோட்டை ஒட்டிய வயலுக்கும் அதே கணக்கா?

---

மண்ணியல் மாணவி எழுதியது:

இரண்டு வயலுக்கும் ஒரே கணக்கு வேண்டாம். மேட்டு வயலில் காற்றாட விட்டு, புது இலை சுத்தமாக வருகிறதா என்று பார்த்த பிறகு பொட்டாஷ் போடுங்கள். மொத்தத்தையும் ஒரே நேரம் கொட்ட வேண்டாம். இனி தூர் வெடிக்கும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என்று பிரித்துப் போடுங்கள். பல்கலைக்கழகமும் தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் அடியுரம் சேர்த்து நான்கு பங்காகத்தான் போடச் சொல்கிறது.

யூரியாவுக்கு இலை வண்ண அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒருமுறை, நன்கு விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும், உங்கள் உடம்பு நிழலில் வைத்து. அம்பை 16 போன்ற ரகத்துக்கு நிறம் 4க்குக் கீழே இறங்கினால்தான் யூரியா. போடும்போது தண்ணீரை வடித்துச் சேறாக வைத்துப் போட்டு, பிறகு தண்ணீர் கட்டுங்கள். நிற்கும் தண்ணீரில் வீசினால் பகலில் பாசி தண்ணீரின் பி.எச்.ஐ ஏற்றிவிடும், மதிய வெயிலில் அமோனியாவாகப் போய்விடும். பொதுவாக நெல்லுக்குப் போடும் தழைச்சத்தில் பயிர் எடுப்பது மூன்றில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடக்குறைய.

மணிச்சத்து குறைவு என்று வந்ததையும் அப்படியே நம்ப வேண்டாம். அமில மண்ணுக்கு பிரே முறையில் பார்க்க வேண்டும், கார மண்ணுக்குத்தான் ஓல்சன் முறை. எந்த முறையில் பார்த்தார்கள் என்று கேளுங்கள். மூழ்கின மண்ணில் இரும்போடு ஒட்டியிருந்த மணிச்சத்தும் கொஞ்சம் விடுபடும், அதுவும் காய்ந்த மண் அட்டையில் தெரியாது.

அடுத்த கன்னிப்பூவுக்கு முன் கோடையில் மண் எடுக்கும்போது மேட்டு வயலையும் தோட்டு வயலையும் கலக்காமல் தனித்தனியாக எடுங்கள். திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒருமுறை நேரில் போய், பாதித்த செடியை வேரோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஊறல் வயலுக்கு எந்த ரகம் தாங்கும் என்று அவர்களிடமே கேட்டுவிடலாம்.

---

தோவாளை அண்ணாச்சி எழுதியது:

கீழ் வயல்காரரிடம் பேசும்போது மடையைப் பற்றிப் பேசாதே தம்பி, அவர் பயிரைப் பற்றிப் பேசு. உன் ஊறல் இன்றைக்கு உன் வயல் வழியாக அவர் வயலுக்குத்தான் போகிறது, அவருடைய மேல் வரப்பை ஒட்டின நெல்லிலும் இந்தப் புள்ளி கட்டாயம் இருக்கும். கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. வரப்போரமாகவே வாறுகால் கொண்டுபோனால் அவருக்கு நிலம் போகாது. வெட்டுக்கூலியில் பாதி நீ எடுத்துக்கொள்வதாகச் சொல். வைக்கோலுக்கு ஆள் வந்தால் இந்த முறை மேட்டு வயல் வைக்கோலைக் கொடுக்காதே, அதுக்கு முன்பணம் வாங்கியிருந்தால் இப்போதே திருப்பிக் கொடுத்துவிடு.